இடுவதும் விடுவதும்

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கி நிமிர்ந்தால் கண்ணில் முதலில் படுகிற சொல் 'வீடு'. நந்திவரம் பக்கம் நடந்தாலும் ஊரப்பாக்கம் பக்கம் திரும்பினாலும் விளம்பரப் பலகைகள் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தாம்பரத்துக்கு வடக்கே வாடகைக்குக் குடியிருந்தவர்கள் அந்தச் சொல்லைத் தேடித்தான் மின்சார ரயிலில் இவ்வளவு தூரம் வந்து இறங்கினார்கள். சைவ சித்தாந்தம் படித்த ஒருவர் அதே பலகையைப் பார்த்தால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளக்கூடும். அவர் அகராதியில் 'வீடு' என்றால் முக்தி. அறம், பொருள், இன்பம் மூன்றுக்கும் பிறகு வருவது.

இரண்டும் ஒரே சொல்தான். 'விடு' என்ற வினை முதலெழுத்து நீண்டு 'வீடு' என்று பெயராகிறது. கெடு 'கேடு' ஆவதைப்போல, படு 'பாடு' ஆவதைப்போல. பற்றை விடுவது வீடு. உழைப்பை விட்டு வந்து இளைப்பாறும் இடமும் வீடு. இதே இலக்கணப்படி 'இடு' என்ற வினை 'ஈடு' ஆகும். வெளியே இடுவது வெளியீடு. ஆங்கிலத்தில் மென்பொருளுக்கும் கைதிக்கும் 'ரிலீஸ்' என்று ஒரே சொல் போதும். தமிழோ கைதிக்கு விடுதலை என்றும் மென்பொருளுக்கு வெளியீடு என்றும் பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினை தற்செயலாக அமைந்ததாக இருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை ஊருக்கு முன் இட்டுவிட்டவர் அதை விட்டுவிட்டவராவாரா?

2023 டிசம்பர் 30 அன்று, கூடுவாஞ்சேரிக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. சரியாக மூன்று நாள் கழித்து, 2024 ஜனவரி 2 அன்று, வேறு வகை முனையத்தில் ஓடுகிற ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. கணினித் தமிழில் டெர்மினலுக்கும் முனையம் என்றே பெயர்: கறுப்புத் திரை, எழுத்துகள், மினுக்கும் ஒரு கட்டம், அவ்வளவுதான். அந்தத் திரைக்குள் இயங்கும் விம் என்ற எடிட்டரின் 9.1ஆம் பதிப்பு அது. திரையை வழுக்கி உருட்டும் வசதி, விம்மின் சொந்த நிரல்மொழியில் வகுப்புகள் என்று புதுமைகள் இருந்தன. ஆனால் அறிவிப்பைப் படித்தவர்கள் கண் நின்றது வேறு இடத்தில். விம்மை உருவாக்கிய ப்ராம் மோலனாருக்கு அந்தப் பதிப்பு காணிக்கையாக்கப்பட்டிருந்தது. நெதர்லாந்துக்காரரான அவர் 2023 ஆகஸ்ட் 3 அன்று 62ஆம் வயதில் காலமானார். அவர் இல்லாமல் வந்த முதல் பெரிய வெளியீடு அது.

இந்த எடிட்டரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விம்முக்குள் நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் பாடு. இயல்பு நிலை, எழுதும் நிலை, கட்டளை நிலை என்று அதற்குப் பல நிலைகள் உண்டு. எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் தட்டினால் எழுதியது அழியும், அழித்தது திரும்பும், வெளியேற மட்டும் வழி கிடைக்காது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 'விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி' என்ற கேள்வியைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை 2017இல் 10 லட்சத்தைத் தாண்டியது. பிறவியிலிருந்து வெளியேறும் வழியைத் தேடிய முனிவர்களுக்கு இவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

மதச் சாயல் இத்தோடு நிற்பதில்லை. விம்மின் பரம்பரையும் எமாக்ஸ் என்ற எடிட்டரும் நெடுங்காலமாகவே பங்காளிச் சண்டை போடுகின்றன. எமாக்ஸை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன், மேடையில் அங்கி மாட்டி, பழைய கணினித் தட்டு ஒன்றைத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாகச் சூடி, தம்மை எமாக்ஸ் திருச்சபையின் புனிதர் என்று அறிவித்துக்கொள்வார். எதிர்த்தரப்பு எடிட்டரைப் பயன்படுத்துவது பாவமா என்று கேட்டால், இல்லை, அது பிராயச்சித்தம் என்பது அவர் வழக்கமான பதில். சைவ வைணவ வாதங்களைக் கேட்டு வளர்ந்த காஞ்சி வட்டாரத்துக்கு இதெல்லாம் புதிதல்ல.

மோலனார் 1991இல் விம்மை முதன்முதலாகப் பொதுவில் வைத்தார். அமிகா கணினிகளுக்கான இலவச மென்பொருள்களைத் தொகுத்து வந்த ஃப்ரெட் ஃபிஷ் வட்டு வரிசையில் 591ஆம் வட்டு அது. அப்போது பெயரின் விரிவு, வி என்ற முந்தைய எடிட்டரை வைத்து, 'வி-யைப் போலச் செய்தது' என்ற பொருளில் இருந்தது. 1993 வாக்கில் அதே மூன்றெழுத்துக்கு 'மேம்பட்ட வி' என்று விரிவு மாறியது. போலச் செய்தவன் மேம்படுத்தியவன் ஆகிவிட்டதை அவர் பெயரைத் தொடாமலே சொல்லிவிட்டார்.

இலவசமாகக் கொடுத்தார், ஆனால் ஒரு வேண்டுகோள் வைத்தார். 1994இல் உகாண்டாவின் தெற்கே கிபாலே என்ற ஊரில், எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த குழந்தைகளுக்கான மையத்தில், குடிநீர் சுகாதாரப் பணிகளுக்காக ஓராண்டு தொண்டு செய்துவிட்டு வந்தவர் அவர். விம் பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பதுதான் வேண்டுகோள். இதைக் கேட்டவுடன் பலனை எதிர்பாராத கர்மம் என்று கீதையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அது பொருந்தாது. மோலனார் பலனை வேண்டாம் என்று சொன்னவரல்ல. பலனுக்கு விலாசம் மாற்றியவர். இரண்டும் வேறு.

இங்கேதான் 'இடு'வும் 'விடு'வும் பிரிகின்றன. விம்மின் நிரல் ஊருக்கெல்லாம் திறந்து கிடந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் அதிகாரப்பூர்வமான விம்முக்குள் ஒரு திருத்தம் நுழைய வேண்டுமானால் ஏறத்தாழ எல்லாமே மோலனாரின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேல் இப்படி. பின்னணியில் வேலைகளை ஓடவிடும் வசதி வேண்டும் என்று பலர் கேட்டும் அது எளிதில் வரவில்லை. பொறுமை இழந்தவர்கள் 2014இல் நியோவிம் என்று தனிக்குடித்தனம் போனார்கள். அந்த வசதி விம்மின் 8.0ஆம் பதிப்பில் 2016இல் வந்து சேர்ந்தது. உரிமம் விடுவித்ததைக் கை விடவில்லை என்று சொன்னால் அது அவருக்கு இழைக்கும் அநீதியாகாது. ஒரு பொருளை அத்தனை ஆண்டு சிதையாமல் காத்ததும் அதே கைதான்.

ஃப்ரீ சாப்ட்வேர் என்பதற்குத் தமிழர்கள் தேர்ந்துகொண்ட சொல் 'கட்டற்ற மென்பொருள்'. கூடுவாஞ்சேரியிலிருந்து அதே ரயிலில் போனால் வரும் குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் 2005 முதல் இதற்கான தேசிய வள மையப் பணியில் இருந்தது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும், 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் இந்தச் சொல்லைப் புழக்கத்தில் ஊன்றின. அகராதி பார்த்து யாரும் செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் அது சித்தாந்தச் சொல்லாக அமைந்துவிட்டது. பசு என்னும் உயிரைக் கட்டியிருக்கும் பாசத்துக்குத் தமிழில் கட்டு, தளை என்றுதான் பெயர். கட்டற்ற நிலை என்றால் வீடு.

ஆனால் கட்டற்ற மென்பொருளுக்கும் ஒரு கட்டு உண்டு. ஸ்டால்மன் 1989இல் எழுதிய ஜி.பி.எல். உரிமம், 'இதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தி மற்றவருக்குக் கொடுத்தால் அதே சுதந்திரத்தோடு கொடுக்க வேண்டும்' என்கிறது. சுதந்திரத்தைக் காக்க ஒரு தளை. தர்க்கம் படித்தவர்கள் இதை முரண் என்பார்கள். சித்தாந்திக்கு முரணாகத் தெரியாது. உயிரைப் பிணிக்கும் மலங்களை ஐந்தாக எண்ணும்போது ஆணவம், கன்மம், மாயை, மாயேயம் ஆகியவற்றோடு திரோதாயியையும் அவர்கள் சேர்க்கிறார்கள். அது இறைவனின் சக்தி. உள்ளபடி பார்த்தால் அருள். உயிர் பக்குவப்படும் வரை மலங்களோடு நின்று அவற்றைத் தொழிற்படுத்துவதால் மலம் என்று எண்ணப்படுகிறது. ஜி.பி.எல்.லின் நிபந்தனையை இதைவிடத் துல்லியமாக விளக்க ஒரு வக்கீலால் முடியாது.

விடுவதைப் பற்றிப் பேசினால் எல்லோரும், ரகசிய மந்திரத்தை ஊரறியச் சொல்ல ராமானுஜர் ஏறி நின்ற திருக்கோஷ்டியூர்க் கோபுரத்துக்கு ஓடுவார்கள். அதைவிடப் பொருத்தமான கதை ஒன்று வைணவத்திலேயே இருக்கிறது, அதன் பெயரே 'ஈடு'. நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கங்களை அவர் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். ஆசிரியரின் அனுமதி இல்லாமல் எழுதியது என்பதால் நம்பிள்ளை சுவடிகளை வாங்கி வைத்துக்கொண்டார், பின்பு அது ஈயுண்ணி மாதவரிடம் போனது, அதன்பின் ஆசிரியரிடமிருந்து சீடருக்கு என்று ஒற்றைச் சரடாக, காஞ்சிபுரம் வழியாக, தலைமுறை தலைமுறையாக இறங்கியது என்று வைணவ மரபு சொல்கிறது. கடைசியில் மணவாள மாமுனிகள் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டுக் காலம் அதைச் சொன்னார். அதுவரை ஈடு எழுதி முடிந்திருந்தது, வெளிவந்திருக்கவில்லை.

நம்பிள்ளை செய்தது சரியா? பூட்டி வைத்ததால்தான் இடைச்செருகல் இல்லாமல் வந்தது என்று வாதிடலாம். இந்தக் கட்டுரைக்கு அந்த வாதம் ஒப்பாது. கம்பராமாயணத்தில் எத்தனை பாடல் கம்பனுடையது என்று பதிப்பாசிரியர்கள் மல்லுக்கட்டியது நூல் ஊரெல்லாம் பரவியதால் மட்டும் அல்ல. யார், எப்போது, எதைச் சேர்த்தார் என்ற கணக்கு இல்லாததால். இன்றைய மென்பொருளில் அந்தக் கணக்கு ஒவ்வொரு வரிக்கும் உண்டு. விம்மில் 8.2க்கும் 9.0க்கும் இடையே 5,000க்கு மேற்பட்ட இணைப்புத் திருத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் எண், தேதி. திறந்து வைத்துக்கொண்டே கலப்படத்தைத் தடுக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கணினி உலகில் நம்பிள்ளைக்கு நேர் எதிர்ப்புறத்தில் ஒருவர் இருக்கிறார். அச்சுக்கோக்கும் மென்பொருளான டெக்கை எழுதிய டொனால்ட் நூத். டெக்கின் பதிப்பு எண் ஒவ்வொரு முறையும் பை என்ற எண்ணை நோக்கி ஓர் இலக்கம் நீள்கிறது. 2021இல் வந்தது 3.141592653. தாம் இறந்ததும் பதிப்பு எண்ணை பை என்றே நிலைநிறுத்திவிட வேண்டும், அதன்பின் எஞ்சும் பிழைகள் எல்லாம் அம்சங்களாகிவிடும் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். தம்மோடு நூலுக்கு முத்திரை வைத்துவிடும் வழி இது. திருத்தி வேறு பெயரில் வெளியிட யாருக்கும் தடையில்லை, ஆனால் 'டெக்' என்ற பெயர் இதற்கு மட்டும். அழகான ஏற்பாடு, கொஞ்சம் அகங்காரமும் கலந்தது.

மோலனாரின் மறைவுக்குப் பின் விம்முக்கு முத்திரை விழவில்லை. நெடுநாள் பங்களித்து வந்த கிறிஸ்டியன் பிராபன்ட் பொறுப்பை ஏற்றார். உடன் நின்றவர்களில் ஒருவர் டேக்லிஸ்ட் என்ற நீட்சியை எழுதிய யேகப்பன் லட்சுமணன். தமிழ்ச் செவிக்கு அந்தப் பெயர் அன்னியமாகாது. ஆனால் செய்தவர் போய், செய்பவர்கள் மாறி, நிரலும் மாறிக்கொண்டே வரும்போது, அது எந்த உரிமையில் பழைய பெயரைத் தாங்குகிறது?

முதலில் நினைவுக்கு வருவது குடமுழுக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம்; விம்மின் 7.0 வந்தது 2006இல், 8.0 வந்தது 2016இல், கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. பாலாலயம் அமைத்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலசத்திலோ பலகையிலோ எழுந்தருளச் செய்துவிட்டு, திருப்பணி முடிந்ததும் திரும்பக் கொண்டுவருகிறார்கள். சுதை புதிது, வண்ணம் புதிது, கோயில் அதே கோயில். மென்பொருள்காரர்களும் சோதனைக் கிளையில் வேலையை முடித்துவிட்டுத்தான் மூலத்தில் சேர்க்கிறார்கள். ஒப்புமை இதுவரை நன்றாகவே போகிறது, கருவறை வாசலில் தடுக்கி விழுகிறது. கோயிலில் மூலவர் இருக்கிறார். விம்முக்குள் தொடக்கூடாத வரி என்று ஒரு வரியும் இல்லை.

காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்தம் கேட்ட மணிமேகலை இதற்கு வேறு பதில் சொல்லியிருப்பாள். உள்ளே மாறாத ஒன்று எதற்கு? ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சார்ந்து தோன்றுகிறது, சார்பு அற்றால் மறைகிறது, தொடர்ச்சிதான் இருக்கிறது. மென்பொருளுக்கும் 'சார்புகள்' உண்டு, அவை பொருந்தாவிட்டால் நிறுவவே முடியாது என்பதை லினக்ஸோடு மல்லாடிய எந்தப் பொத்தேரி கல்லூரி மாணவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் பௌத்தப் பதிலில் ஒரு சிக்கல். நியோவிம்மும் அதே தொடர்ச்சியில் வந்ததுதான். பிறகு ஒன்று மட்டும் விம் என்பது ஏன்?

சமண முனிவர் பவணந்தியின் நன்னூல் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாக அது பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிவை ஏற்று, தான் வேண்டும் வேறுபாட்டைச் செய்வது வழிநூல். ஒருபுடை ஒத்து மற்றதில் விலகுவது சார்புநூல். முதல் நூலோ வினை நீங்கிய இறைவன் செய்வது. அப்படியானால் மனிதர் செய்வதெல்லாம் வழியோ சார்போதான். எடிட்டர்களின் குலமரபும் இதையே காட்டுகிறது. விம்முக்கு முன் டிம் தாம்சன் அட்டாரி கணினிக்கு எழுதிய ஸ்டீவி, அது 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் செய்த வி-யைப் பார்த்துச் செய்தது, வி-க்குள் எக்ஸ், அதற்கு முன் லண்டனில் ஜார்ஜ் கூலூரிஸ் திருத்திய எம், அதற்கு முன் கென் தாம்சனின் எட், அதற்கும் முன் க்யூ.இ.டி. ஏணியில் இறங்கிக்கொண்டே போகலாம், முதல் நூலைத் தொட முடியாது.

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்று வற்புறுத்துவதும் நன்னூல்தான். ஆக்கியோன், வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டோடு காலம், களம், காரணம் சேர்த்துப் பதினொன்று. நல்ல வெளியீட்டுக் குறிப்பில் இவை எல்லாம் இருக்கும். மோசமான குறிப்பில் 'சில பிழைகள் திருத்தப்பட்டன' என்று மட்டும் இருக்கும். விம் 9.1இன் அறிவிப்பு ஆக்கியோன் பெயரையும் வந்த வழியையும் முன்னால் வைத்தது. ஒரு பெயரைத் தாங்கும் உரிமை அங்கிருந்துதான் வருகிறது: முன்னவரை ஏற்று, மாற்றியதை மறைக்காமல் சொல்வதிலிருந்து. விலகியதை விலகல் என்று அறிவித்துப் பெயரையும் சற்றே மாற்றிக்கொண்ட நியோவிம்மும் நேர்மையாகத்தான் நடந்துகொண்டது.

இன்னொரு இடத்திலும் பழைய பெயர் உயிரோடிருக்கிறது, அது நிரலுக்கு வெளியே. வி-யை எழுதியபோது பில் ஜாய் முன்னிருந்தது ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையம். அதன் விசைப்பலகையில் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேலேயே அம்புகள் வரையப்பட்டிருந்தன. அந்த முனையம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால் காலை ரயிலில் கூடுவாஞ்சேரியில் ஏறி மடிக்கணினியைத் திறக்கும் ஒரு பொறியாளரின் விரல்கள், பக்கத்தில் அம்புக்குறி விசைகள் சும்மா இருக்க, ஜே-யை அழுத்திக் கீழே இறங்குகின்றன. சாத்திரங்கள் இதற்கு வாசனை என்று பெயர் வைத்திருக்கின்றன. பெருங்காயம் தீர்ந்த டப்பாவில் தங்குவதைப்போல, செயல் போன பின்னும் ஒட்டியிருக்கும் பழக்கம். புதிய பதிப்பை வெளியிடுகிறவர் உண்மையில் அஞ்ச வேண்டியது இந்த விரல்களுக்குத்தான். ஒரு விசையின் பொருளை மாற்றினால் பல நாடுகளில் பலருடைய கை தடுமாறும்.

வீடு பெற்றவருக்குக் கூட வாசனை தாக்கும் என்று சித்தாந்திகள் எச்சரிக்கிறார்கள். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள். மலம் கழுவி விடுதலை அடைந்தவர் அடியார்களோடு கூடி, ஆலயத்தைத் தொழுதுகொண்டிருக்க வேண்டும் என்பதே கடைசிச் சூத்திரத்தின் கருத்து. வீடு அடைந்தவருக்கு ஓய்வு கொடுக்கவில்லை அவர். வெளியீடு முடிந்தவருக்கும் அப்படித்தான். விம்மில் 9.0க்குப் பின் 2,000க்கு மேல் ஏறிப்போயிருந்த திருத்த எண், 9.1 வெளியானதும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது.

கோப்புப் பெயர் எதுவும் கொடுக்காமல் விம்மைத் திறந்தால் நடுவே சில வரிகள் தெரியும். பதிப்பு எண்; பல வேளைகளில், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி ஒரு வேண்டுகோள்; 'ப்ராம் மோலனார் மற்றும் பலர்' என்று ஒரு வரி. அந்த 'மற்றும் பலர்' அவர் உயிரோடிருந்தபோதே அங்கே இருந்தது.